விமானக் காபி ஏன் வாயில் வைக்க விளங்குவதில்லை?

மதுரையிலிருந்து காலை விமானத்தைப் பிடிக்கப் போகிறவர் அவனியாபுரத்தில் காரை ஓரங்கட்டி ஒரு காபி குடிக்கிறார். டம்ளரின் விளிம்புவரை நுரை, அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரை, நாக்கைச் சுடும் சூடு. இரண்டு மணி நேரம் கழித்து, மேகத்துக்கு மேலே, அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்து இன்னொரு காபி வாங்குகிறார். காகிதக் கோப்பை, ஒரு மரக்குச்சி, கலக்கக் கலக்க மேலே மிதந்து வரும் வெள்ளைப் பொடிக் கட்டிகள். ஒரு வாய் குடித்துவிட்டு மூடி வைக்கிறார்.

இந்த இரண்டு காபிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு விளக்கங்கள் சுற்றுகின்றன. உயரத்தில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது, அதனால் காபி இறங்காது என்பது ஒன்று. விமானத்தில் காபி போடுவதே கழிப்பறைத் தண்ணீரில்தான் என்பது மற்றது. முதலாவது அறிவியல்போலத் தெரிவதால் படித்தவர்கள் நம்புகிறார்கள். இரண்டாவது அருவருப்பாக இருப்பதால் எல்லோரும் நம்புகிறார்கள். முதலாவதில் இருப்பது பாதி உண்மை. அந்தப் பாதியும் நம் ஊர் விமானங்களுக்கு அநேகமாகப் பொருந்தாது. இரண்டாவதில் உண்மை தலைகீழாக நிற்கிறது.

எந்தக் காபியைப் பற்றிப் பேசுகிறோம்?

காபி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சரக்குகள் ஒளிந்திருக்கின்றன. இதைப் பிரித்துக்கொள்ளாமல் பேசுவதால்தான் குழப்பம்.

1. பில்டர் காபி. வறுத்து அரைத்த தூளை மேல்தட்டில் போட்டு, வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறக்கி, காய்ச்சிய பாலில் கலப்பது. தூளில் சிக்கரி சேர்ந்திருக்கும். சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; பாக்கெட்டில் விகிதத்தையும் அச்சிட வேண்டும்.

2. இயந்திரக் காபி. தலையணைபோல் தைத்த வடிதாள் பையில் அடைத்து வரும் தூளின் மேல் வெந்நீரைப் பாய்ச்சி, சில நிமிடங்களில் ஒரு குடுவை நிறைய இறக்குவது. நெடுந்தூர விமானங்களின் சமையல் மூலையில் சுவரோடு பொருத்தியிருக்கும் பெட்டி செய்வது இதைத்தான். பெரிய விமானங்கள் சிலவற்றில், உயர்வகுப்புப் பயணிகளுக்கு எஸ்பிரஸோ இயந்திரமும் உண்டு.

3. இன்ஸ்டன்ட் காபி. டிகாக்‌ஷன் இறக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. இறக்கிய கெட்டிச் சாற்றைச் சூடான காற்றில் தூவியோ, உறையவைத்து உலர்த்தியோ பொடியாக்கி அனுப்புகிறார்கள். இதோடு பால்பொடியும் சர்க்கரையும் கலந்து ஒரே பொட்டலமாக வந்தால் அது பிரீமிக்ஸ்.

இந்திய உள்நாட்டு விமானங்களில், குறிப்பாகக் குறைந்த கட்டண விமானங்களில், நம் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது வகை. விமானக் காபியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படுபவை அநேகமாக இரண்டாவது வகையைப் பற்றியவை. அங்கே எழுதியதை மொழிபெயர்த்து இங்கே சுற்றவிட்டதில் வகை மாறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

கொதிநிலை வாதமும் கொடைக்கானலும்

காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மதுரை கடல்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. இங்கே தண்ணீர் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கிறது. மேலே போகப்போக, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும்.

விமானம் 35,000 அடியில் பறக்கிறதே, அப்படியானால் தண்ணீர் வெதுவெதுப்பிலேயே கொதித்துவிடுமே என்று தோன்றும். ஆனால் பயணிகள் இருக்கும் அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் தரையில் எந்த உயரத்துக்குச் சமமோ அதைக் கேபின் உயரம் என்பார்கள். வழக்கமான பறத்தலில் அது 8,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது விமான வடிவமைப்பு விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அது 6,000 அடியை ஒட்டியே இருக்கும்.

கொடைக்கானலின் உயரம் சுமார் 7,000 அடி. அதாவது விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர், காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே தண்ணீர் 93 டிகிரியில் கொதிக்கிறது; கேபின் உயரம் 8,000 அடியாக இருந்தால் 92.

கொடைக்கானலில் காபி இறங்காது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? பருப்பு வேகத் தாமதமாகும், குக்கர் இல்லாமல் ஆகாது. ஆனால் வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு ஏரிக்கரையில் குடிக்கும் காபியை யாரும் குறை சொல்வதில்லை. காரணம் எளிது. காபித்தூளிலிருந்து சாறு நன்றாக இறங்கத் தேவையான சூடு 90 முதல் 96 டிகிரி. கொடைக்கானலின் கொதிநீர் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. மதுரையில் நாம் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும், எவர்சில்வர் பில்டரையும் தூளையும் தொட்ட மாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு இறங்கிவிடும். போதாததற்கு நம் பில்டரில் தண்ணீர் அரை மணி நேரம் தூளோடு ஊறுகிறது. சூட்டில் குறைந்ததை நேரம் ஈடுகட்டிவிடும்.

இயந்திரக் காபிக்கு அந்த வசதி இல்லை. பெட்டிக்குள் தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடக் கூடாது என்பதால் கொதிநிலைக்குச் சில டிகிரி கீழேயே சூட்டை நிறுத்துகிறார்கள். ஊறும் நேரமும் சில நிமிடங்கள்தான். காபியில் புளிப்புச் சத்து முதலில் இறங்கும், இனிப்பும் கனமும் பிறகு வரும், கசப்பு கடைசியில். பாதியில் நிறுத்தினால் புளிப்பேறிய தண்ணீர்க் காபி கிடைக்கும். நெடுந்தூர விமானத்தின் குடுவைக் காபிக்கு இந்த விளக்கம் செல்லும். இதுதான் அந்தப் பாதி உண்மை.

இன்ஸ்டன்டுக்கு இது செல்லாது. இறக்க வேண்டியதெல்லாம் இறங்கி, உலர்ந்து, பொட்டலத்துக்குள் வந்துவிட்ட பொடிக்குக் கரையத் தெரிந்தால் போதும். 75 டிகிரி வெந்நீரிலும் அது கரையும். தவிரவும், மதுரை வரும், இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானங்கள் ஜெட் விமானங்கள் அளவுக்கு உயரே போவதில்லை. அவற்றின் கேபின் உயரம் பெரும்பாலும் 4,000 அடிக்குள் அடங்கிவிடும். கொடைக்கானலுக்குப் பாதி வழி. அங்கே உட்கார்ந்துகொண்டு கொதிநிலையைக் குற்றம் சொல்வது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

தொட்டித் தண்ணீர்

இனிக் கழிப்பறைப் புரளி. விமானத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு. ஒன்று குடிநீர்த் தொட்டி. ஏர்பஸ் ஏ320 வகையில் இதன் கொள்ளளவு சுமார் 200 லிட்டர். மற்றது கழிவுத் தொட்டி. கழிப்பறையில் பொத்தானை அழுத்தியதும் ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு கழிவை இழுத்துக்கொள்வது வெற்றிடக் குழாய். அது போய்ச் சேர்வது கழிவுத் தொட்டிக்கு. இரண்டுக்கும் குழாய் வேறு. தரையில் நிரப்பவும் காலி செய்யவும் வரும் வண்டிகளும் வேறு.

உண்மையில் நடப்பது இதுதான்: குடிநீர்த் தொட்டியிலிருந்தே கழிப்பறையின் கைகழுவும் குழாய்க்கும், பீங்கானை அலசுவதற்கும் தண்ணீர் போகிறது. காபியின் தண்ணீர் கழிப்பறைக்குப் போகிறது. கழிப்பறையின் தண்ணீர் காபிக்கு வருவதில்லை.

அதற்காகத் தொட்டித் தண்ணீர் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-ல் 327 விமானங்களின் தண்ணீரைச் சோதித்தபோது, அவற்றில் 15 சதவீத விமானங்களில் கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியா தென்பட்டது. அதன் விளைவாக 2009-ல் விமானக் குடிநீருக்கென்றே தனி விதி வந்தது: தொட்டியைக் குறித்த காலத்தில் கிருமி நீக்கி அலச வேண்டும், மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், கெட்டிருந்தால் பயணிகளுக்குத் தர நிறுத்த வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் விமானச் சுகாதார வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது.

இங்கே இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோலிஃபார்ம் என்பது பெரும்பாலும் நேரடி நோய்க்கிருமி அல்ல; தண்ணீர் எங்கோ அசுத்தத்தைத் தொட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் துப்பு. அடுத்து, சூடு. பால் நிறுவனங்கள் பாலைப் பதப்படுத்துவது 72 டிகிரியில் 15 விநாடிதான். அதிலேயே இந்த வகைக் கிருமிகள் ஒழிந்துவிடும். அதைவிடக் கூடுதலான சூட்டில் சில நிமிடங்கள் இருந்த வெந்நீரில் அவை பிழைத்திருக்க வழியில்லை. ஆகவே காபியைப் பார்த்துப் பயப்படுகிறவர், அதே தொட்டியின் பச்சைத் தண்ணீரில் கழிப்பறையில் வாய் கொப்பளிப்பதை முதலில் நிறுத்தலாம்.

உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பது வேறு, வாய்க்கு நன்றாக இருக்கிறது என்பது வேறு. கிருமி நீக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். குளோரினும் காபியில் இயல்பாக இருக்கும் பீனால் வகைப் பொருள்களும் சேர்ந்தால் மருந்து வாடை அடிக்கும். மிகமிகச் சிறிய அளவு போதும், நாக்கு கண்டுபிடித்துவிடும். தவிர, ஒரே நாளில் நாலைந்து ஊர்களுக்குப் போய்வரும் விமானத்தின் தொட்டியில் எந்த ஊர்த் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரின் அருமையை மதுரைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. வீட்டில் போர் தண்ணீர் ஒரு குழாயிலும் நல்ல தண்ணீர் ஒரு குடத்திலும் இருந்தால், காபிக்குக் கை எதற்கு நீளும் என்பது தெரிந்ததே. போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் காபியின் இயல்பான புளிப்பைத் தின்றுவிடும். டிகாக்‌ஷன் கறுப்பாகத்தான் இருக்கும். குடித்தால் சப்பென்று இருக்கும். எந்தத் தூளை வாங்கினாலும் இந்தக் குறை தீராது. விமானத்திலும் இதே கணக்குதான்.

மூக்கும் காதும்

இப்போது ஒரு சின்னச் சோதனை. வீட்டில் நல்ல காபி ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். சூடு தெரியும், இனிப்பு தெரியும், கசப்பு தெரியும்; காபி தெரியாது. சர்க்கரை போட்ட ஏதோ கசாயம். விழுங்கிய பிறகு விரலை எடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து காபி மேலெழுந்து வரும்.

நாம் காபியின் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. அதுவும் முகர்ந்து பிடிக்கும் வாசனை அல்ல. விழுங்கும்போது வாயிலிருந்து மூக்கின் பின்வாசல் வழியாக ஏறும் வாசனை. அந்த வாசலை மூடினால் நாக்குக்குத் தெரிந்த ஐந்து சுவைகள் மட்டும் மிஞ்சும்.

விமானம் அந்த வாசலைப் பாதி சாத்திவிடுகிறது. வெளியே உறைகுளிரில் இருக்கும் காற்றில் ஈரப்பதமே கிடையாது. அதைத்தான் உள்ளே இழுத்துச் சூடாக்கி விடுகிறார்கள். நீண்ட பயணத்தில் கேபின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கத்திரி வெயிலில்கூட மதுரைக் காற்று அவ்வளவு வறள்வதில்லை. வாசனையைப் பிடிக்க மூக்கின் உள்தோல் ஈரமாக இருக்க வேண்டும். அது காய்ந்தால் வாசனை மங்கும்.

ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனம், லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக இதைத் தரையிலேயே சோதித்துப் பார்த்தது. ஹோல்ஸ்கிர்சன் என்ற ஊரில், பழைய ஏர்பஸ் ஏ310 உடற்பகுதி ஒன்றை அழுத்தம் குறைக்கும் கூடத்துக்குள் வைத்து, பயணிகளைப்போல் ஆட்களை உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். உப்பும் இனிப்பும் கணிசமாக மங்கின. புளிப்பும் கசப்பும் காரமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

நம் காபியை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இனிப்பு குறைகிறது, வாசனை குறைகிறது, கசப்பு குறையவில்லை. கசப்பைச் சர்க்கரையும் வாசனையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தமிழ்நாட்டுக் காபி. தாங்குகிற இரண்டையும் உருவிவிட்டால் கசப்பு மட்டும் தனியே நிற்கும். சர்க்கரை போடாமல் கறுப்புக் காபி குடித்துப் பழகிய வெளிநாட்டவருக்கு இழப்பு அவ்வளவு இல்லை. விமானக் காபியைப் பற்றி நாம் அவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகப் புலம்புவதற்கு உடலியல் நியாயம் இருக்கிறது.

காதும் இதில் சேர்த்தி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளிவந்த ஆய்வொன்றில், விமான இரைச்சல் அளவான 85 டெசிபல் ஒலியைக் காதில் கேட்கவைத்துச் சுவைகளைக் கொடுத்தார்கள். இனிப்பு மங்கியது, உமாமி எனப்படும் ஐந்தாவது சுவை தூக்கலாகத் தெரிந்தது, மற்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. 85 டெசிபல் என்பது ஓடும் மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கும் சத்தம். மிக்ஸி ஓடிக்கொண்டே இருக்க, அதன் பக்கத்தில் நின்று காபி குடிப்பதாக நினைத்துக்கொண்டால் விமானப் பயணியின் நிலை புரியும்.

உமாமி தக்காளியிலும் காளானிலும் நிறைய உண்டு. தரையில் தக்காளிச் சாற்றைத் திரும்பிப் பார்க்காதவர்கள் விமானத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. புளிப்பும் காரமும் குறையாது, தக்காளியின் உமாமியோ கூடும் என்றால், ஆகாயத்துக்கு ஏற்ற பானம் தக்காளி ரசம்தான். எந்த விமான நிறுவனமும் இதை இன்னும் யோசிக்காதது வியப்பு.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி அளவுதான். அதற்குள் மூக்கு முழுதாகக் காய்ந்துவிடாது. வறட்சியின் முழு விளைவையும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்தான் உணர்வார். சென்னைப் பயணிக்கு இரைச்சல் முழுசாக உண்டு; மூக்கு ஓரளவு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அப்படியிருந்தும் காபி விளங்கவில்லை என்றால், மிச்சப் பழி வேறொன்றின்மேல் விழ வேண்டும்.

பால்

டிகிரி காபி என்ற பெயரில் டிகிரி என்பது எது? பாலின் கலப்படமின்மையைப் பால்மானியில் பார்த்த டிகிரிதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சிக்கரி என்பதன் திரிபு என்பாரும் உண்டு. முதல் விளக்கத்தையே எடுத்துக்கொண்டால், நம் ஊரில் காபிக்குக் கிடைத்த மிக உயர்ந்த பட்டமே கொட்டையைப் பாராட்டவில்லை, பாலைப் பாராட்டுகிறது. விமானத்தில் இல்லாமல் போவது அந்தப் பால்.

கறந்த பாலையோ பாக்கெட் பாலையோ காய்ச்சி, பொங்கும் நேரத்தில் டிகாக்‌ஷனில் ஊற்றும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன.

1. பாலின் கொழுப்பு காபியின் வாசனைப் பொருள்களைத் தன்னோடு பிடித்துவைத்து, விழுங்கும்போது மெதுவாக விடுகிறது. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலப் பாக்கெட்டில் 3. காபிக்கு ஆரஞ்சு வாங்குகிறவர்கள் காரணம் தெரியாமல் வாங்குவதில்லை.

2. பாலின் புரதம் காபியின் துவர்ப்பையும் கசப்பையும் கட்டுகிறது.

3. ஆறிப்போன டிகாக்‌ஷனுக்கு வேண்டிய சூட்டைப் பாலே கொடுக்கிறது. டிகாக்‌ஷனைத் திரும்பக் கொதிக்க வைத்தால் கெட்டுவிடும் என்பதால், நம் முறையில் அடுப்பின் வேலை முழுவதும் பாலின் தலையில். மேலிருந்து கீழே ஆற்றும்போது அந்தப் புரதமே நுரையாகிறது.

விமானத்தில் அடுப்பு கிடையாது. திறந்த பாலைக் குளிரில் வைத்துக் காப்பாற்ற இடம் கிடையாது. ஆகவே பொட்டலத்தில் வரும் பால்பொடி அல்லது கிரீமர். பால்பொடி என்றால், தண்ணீர் முழுவதையும் வற்றடித்த பால். காய்ச்சி உலர்த்தியதில் ஒட்டிக்கொண்ட ஒரு வேகல் வாடை அதில் இருக்கும். கிரீமர் என்றால் பெரும்பாலும் தாவரக் கொழுப்பும் மாவுச்சத்துச் சர்க்கரையும் சேர்ந்த வெண்பொடி. நிறம் கொடுக்கும், பாலின் வேலையைச் செய்யாது. இரண்டையும் கரைப்பது வெந்நீர் என்பதால் பால் போகவேண்டிய இடத்தில் தண்ணீர் போகிறது. சூடு கொஞ்சம் குறைந்தால்கூடக் கட்டி தட்டும். கோப்பையின் மேலே மிதந்த வெள்ளைக் கட்டிகள் அங்கேயிருந்து வந்தவை. கொதிநிலை வாதம் நம் ஊர் விமானத்தில் ஏதாவது ஓர் இடத்தில் பொருந்துமென்றால், அது இந்தப் பால்பொடிக் கட்டியில்தான்.

இதையும் வீட்டில் சோதித்துவிடலாம். ஒரே இன்ஸ்டன்ட் பொடியை இரண்டு டம்ளரில் போட்டு, ஒன்றில் காய்ச்சிய பால், மற்றதில் வெந்நீரும் பால்பொடியும் ஊற்றிக் குடித்துப் பார்த்தால், விமானக் காபியின் குறையில் எவ்வளவு ஆகாயத்தைச் சேர்ந்தது, எவ்வளவு பொட்டலத்தைச் சேர்ந்தது என்பது அடுப்படியிலேயே தெரிந்துவிடும்.

சரி, நல்ல காபி ஏன் கொடுக்கக் கூடாது?

கஞ்சத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது நியாயமாகாது. பின்னால் நாலு கட்டுகள் இருக்கின்றன.

1. நேரம். ஒன்றேகால் மணிப் பயணத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பணிப்பெண்கள் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தாக வேண்டும். நடுவில் கிடைக்கும் அரைமணி, முக்கால் மணியில் தள்ளுவண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும், காசு வாங்க வேண்டும், குப்பை பொறுக்க வேண்டும். டிகாக்‌ஷன் இறங்கக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை.

2. எடை. இயந்திரம், அதற்கான தண்ணீர், ஈரச் சக்கை எல்லாம் எரிபொருளைத் தின்னும் பாரம். சிறிய விமானங்களில் தரையிலேயே பிளாஸ்கில் நிரப்பிய வெந்நீரோடு கிளம்புவதும் உண்டு. அரைமணிக்கு முன் ஊற்றிய பிளாஸ்க் வெந்நீரின் சூட்டை வைத்துக்கொண்டு பால்பொடியோடு போராட வேண்டியதுதான்.

3. விற்பனை முறை. குறைந்த கட்டண விமானத்தில் காபி, விற்றால் வருமானம், விற்காவிட்டால் நட்டம். பால் திரியும்; பொட்டலம் மாதக்கணக்கில் கிடக்கும். எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. சட்டம். இதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஸ்பெயினின் மயோர்காவிலிருந்து வியன்னாவுக்குப் பறந்த விமானமொன்றில், தந்தையின் முன்னிருந்த மடிப்பு மேசையில் வைத்த காபி கவிழ்ந்து பக்கத்திலிருந்த சிறுமிக்குச் சுட்டுவிட்டது. கவிழ்ந்ததற்குக் காரணம் மேசையா, விமானத்தின் அதிர்வா என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போனது. பறத்தலுக்கே உரிய ஆபத்தோடு தொடர்பில்லாவிட்டாலும் இது விபத்துதான், விமான நிறுவனமே பொறுப்பு என்று 2019 டிசம்பரில் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு விளக்கியது, விமானப் பயணிகளுக்கு நேரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தை. அதில் இந்தியாவும் 2009-ல் சேர்ந்திருக்கிறது. 60 டிகிரிச் சூடுள்ள தண்ணீர் ஐந்து விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும். குலுங்கும் இடத்தில், தோளோடு தோள் இடிக்கும் இருக்கையில், நாக்கைச் சுடும் காபியைக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்க எந்த நிறுவனம் முன்வரும்? ஆறின காபி என்று நாம் அலுத்துக்கொள்வது அவர்கள் பக்கத்தில் முன்னெச்சரிக்கை.

தூளை மாற்றினால் போதுமா?

வெளிநாட்டு நிறுவனங்கள் பிடித்த வழி, பெயர் பெற்ற காபி நிறுவனத்தோடு கைகோப்பது. 1996-ல் யுனைடெட் விமானங்களில் ஸ்டார்பக்ஸ் காபி ஏறியது. 2023-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் ஸ்டம்ப்டவுன் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஆகாயத்துக்கென்றே தனிக் கலவை ஒன்றைத் தயாரித்தது. பின்னது கொஞ்சம் புத்திசாலித்தனமானது: தரையில் நன்றாக இருக்கும் கலவையை அப்படியே மேலே ஏற்றாமல், மேலே எந்தச் சுவை மங்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கலவையைத் திருத்துவது. ஆனால் தொட்டித் தண்ணீரும் இயந்திரத்தின் சூடும் அப்படியே இருக்கும்வரை, தூளின் பெருமை கோப்பையின் வெளிப்புறத்தில் அச்சிட்ட பெயரோடு நின்றுவிட வாய்ப்புண்டு.

நம் பக்கத்தில் தூளுக்குப் பஞ்சமே இல்லை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பகுதிகளில் நிழல்மரங்களுக்குக் கீழே காபி விளைகிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பறித்து உலர்த்திய கொட்டை பட்டிவீரன்பட்டிக்கு இறங்கி, தோல் நீக்கித் தரம் பிரிக்கப்படுகிறது. மதுரையிலிருந்து காரில் போனால் காலை உணவுக்குள் எட்டிவிடும் தொலைவு. அந்தத் தூளை மதுரை விமானத்தில் ஏற்றினால் என்ன என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. ஏற்றலாம், மண்ணுக்குப் பெருமை. ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால், முதலில் ஏற்ற வேண்டியது பால், அடுத்து நல்ல தண்ணீர், தூள் மூன்றாவதுதான்.

பயணி செய்யக்கூடியவை

- பிரீமிக்ஸையும் தனிப் பொட்டலங்களையும் வைத்திருக்கும் விமானத்தில் தனிப் பொட்டலங்களைக் கேளுங்கள். சர்க்கரையை வழக்கத்தைவிடச் சிறிது கூட்டலாம். மங்கும் சுவை அதுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த யோசனை பொருந்தாது.
- கோப்பை நிறைய வெந்நீர் வாங்காதீர்கள். முதலில் கால் கோப்பை. அதில் பொடியைக் குழைத்துவிட்டு மீதியை ஊற்றினால் கட்டி தட்டாது.
- காதை அடைத்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது. பார்ப்பவர்கள் சிரிக்கட்டும்.
- நீண்ட பயணத்தில் காபிக்கு முன் பாட்டில் தண்ணீர் குடித்து வாயையும் தொண்டையையும் நனைத்துக்கொள்ளுங்கள்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களில் சிலர் வீட்டு டிகாக்‌ஷனையே கையில் எடுத்துப் போகிறார்கள். பன்னாட்டு விமானத்தில் கைப்பைத் திரவத்துக்கு உள்ள வரம்பு 100 மில்லிப் புட்டி. எல்லாப் புட்டிகளும் ஒரு லிட்டர் அளவுள்ள தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். 100 மில்லிக் கெட்டி டிகாக்‌ஷனில் இரண்டு டம்ளர் காபி தாராளமாக ஆகும். முதல் டிகாக்‌ஷன், நல்ல தண்ணீரில் இறக்கியது, வாசனை போகாமல் இறுக்கி மூடியது. பாதுகாப்புச் சோதனையில் தடுக்க மாட்டார்கள். வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். சர்க்கரை கொடுப்பார்கள். பால் கேட்டால் பொட்டலத்தை நீட்டுவார்கள்.